இருப்பதை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் சொன்ன விஷயமாக

கெடார் பக்கத்திலிருந்து,
சித்திரை 22.

திண்டிவனத்தில் நாலு குடும்பத்துக்கு நல்லது செய்துகொண்டிருக்கும் மச்சான் பாண்டுரங்கன் அவர்களுக்கு, உன் அக்காள் கெங்கம்மாளைக் கட்டிய ராஜாமணி வணக்கத்தோடு சொல்லி எழுதவைப்பது. இங்கே நாங்கள் எல்லாரும் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை. அங்கே நீயும் உன் பிள்ளைகளும் இரண்டளவிலும் சுகமாக இருக்க ஈசனை வேண்டிக்கொள்கிறேன். மல்லாட்டை பிடுங்கியாயிற்று. கடலைக் காய் திரட்சியாக இருக்கிறது. விலைதான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அந்தோணிசாமி, விழுப்புரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதினவர். நடுவில் எங்கேயாவது 'மேற்படி' என்று வந்தால் அது அவர் கை. விஷயம் என்னுடையது. போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு டீக்கடை பெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுகிறவன். நாம் சம்பந்தம் பேசுகிற ஏகாம்பரம் வீடு அந்த டீக்கடைக்கு மூன்றாவது வீடு. அதனால்தான் கடிதம். அந்தோணிசாமியே நாளைக் காலை பஸ்சில் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் தமிழ்மணியின் மகள் கலைப்பிரியாவுக்கு உங்கள் ஊர் ஏகாம்பரம் மகன் பிரவீன்குமாரைப் பேசலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், காலை ஒன்பதே காலுக்கு, தமிழ்மணி போனில். பையன் பேட்டரி கம்பெனியில் சூப்பர்வைசர், அப்பா நகராட்சியில் வீட்டு வரி வசூல் பண்ணி ரிட்டயர் ஆனவர், ஒரே பிள்ளை, சிகரெட்கூட இல்லை என்றாய். அதெல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னாய் பார், அங்கே பிடித்தது எனக்குச் சனி. "மாமா, அவங்க வீட்டைப் பத்தி விசாரிக்காம பொண்ணு பாக்க வர மாட்டாங்க. ரெண்டு பேரை அனுப்புவாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு சொல்லிக்கினு வர மாட்டாங்க, ஏதாவது ஒரு சாக்கு வச்சிக்கினு வந்து வாயைக் கிளறுவாங்க. நீங்க கொஞ்சம் கெத்தா பேசுங்க" என்றாய். இதே வார்த்தை. ஒரு எழுத்து நான் மாற்றவில்லை.

சித்திரை மூன்றாம் தேதி வியாழக்கிழமை, வீட்டில் நான் மட்டும். கெங்கம்மாள் கொல்லையில். தமிழ்மணியும் மருமகளும் கழனியில். கலைப்பிரியா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு போன். அவர்களில் பேசினவள் பெயர் அப்ஸானா, கோட்டக்குப்பத்துப் பெண்ணாம், சென்னையில் இருக்கிறாளாம். "தாத்தா, அரசாங்கம் குடுக்கிற மானியம், நாம கட்டுற வரி, இதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி. உங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். உங்களுக்கு விருப்பம்னா மட்டும் சொல்லுங்க. பிடிக்கலைன்னா எந்த இடத்துல வேணும்னாலும் நிறுத்திக்கலாம். சொல்றது எல்லாம் ரகசியமா இருக்கும்" என்றாள். நான் நினைத்துக்கொண்டேன், சாக்கு என்று பாண்டுரங்கன் சொன்னானே, இதுதான் அந்தச் சாக்கு. இப்போது கல்யாணத்துக்கு விசாரிப்பதற்கே கம்பெனி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிடிக்காவிட்டால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்கிறார்களே, எவ்வளவு தன்மையான சம்பந்தம் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நீயே நியாயம் சொல். அவள் கேட்டதைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றும். வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வயசு, என்ன படிப்பு, கல்யாணம் ஆயிற்றா ஆகவில்லையா. ஆகவில்லையா என்று அவள் கேட்டதும் நான் கலைப்பிரியாவின் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஜாதகம் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் போல என்று விட்டுவிட்டேன். நிலம் எவ்வளவு என்றாள். பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை என்றேன். மாடு என்றாள். எதிர் வீட்டு நாலு மாடும் நம்ம வேப்பமரத்து நிழலில் படுத்திருந்தன, கையைக் காட்டினேன். பிரிட்ஜ் இருக்கா என்றாள். இரண்டு இருக்கிறது, ஒன்று தண்ணீருக்கு மட்டும் என்றேன். கக்கூஸ் உண்டா என்றாள். விருந்தாளிக்குத் தனியாகவே ஒன்று உண்டு என்றேன். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிடுவாளோ என்று கொல்லைக் கதவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் வியாதி உண்டா என்றாள். இதை யார் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார்தானே கேட்பார்கள். சர்க்கரை மாத்திரை டப்பாவை வேட்டிக்குள் தள்ளிக்கொண்டு, எங்கள் வம்சத்தில் காய்ச்சல்கூடக் கிடையாது என்றேன்.

"ரேஷன் அரிசி வாங்குறீங்களா தாத்தா?"

"வாங்குவோம். கோழிக்குப் போடுவோம்."

"மாசம் ஆயிரம் உரிமைத்தொகை வீட்ல யாருக்காவது வருதா?"

"எங்களுக்கு எதுக்கும்மா அது. இல்லாதவங்க வாங்கட்டும்."

"மோட்டாருக்கு இலவச கரண்ட்?"

"நான் பில்லு கட்டத் தயாரா இருக்கேன், அவங்கதான் வாங்க மாட்டேங்கிறாங்க."

என்ன வரி கட்டினீர்கள் என்று கேட்டதும் எனக்குக் குஷி வந்துவிட்டது. ஏகாம்பரம் வரி வசூலித்தவர் அல்லவா, அவர் சொல்லி அனுப்பிய கேள்வி என்று பிடித்துக்கொண்டேன். எழுபத்தி ஒன்றில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் வரி கட்டி வில்லை வாங்கியது, எழுபத்தி மூன்றில் வண்டிக்குச் சக்கர வரி, எழுபத்தி ஆறில் ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்சு, வருஷா வருஷம் கிஸ்தி, எல்லாவற்றையும் தொகையோடு ஒப்பித்தேன். பலகை போனில் தட்டிக்கொண்டிருந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "தாத்தா, போன வருஷத்துது மட்டும் போதும்" என்றாள் அப்ஸானா. போகும்போது ஒரு எவர்சில்வர் டம்ளரும் அச்சடித்த காகிதம் ஒன்றும் கொடுத்தார்கள். தாம்பூலத்துக்குப் பதில் டம்ளர் கொடுக்கிறார்கள், இதுவும் புது வழக்கம்போல என்று கெங்கம்மாளிடம் சொல்லி பூஜை அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

சாயந்திரம் கலைப்பிரியா வந்து காகிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தாத்தா, இது மாப்பிள்ளை வீடு இல்ல. நெஜமாவே ஆராய்ச்சிதான். அரசாங்கத்துப் பணம் யாருகிட்டேருந்து வருது, யாருக்குப் போவுது, தேவையில்லாத வீட்டுக்கும் போவுதான்னு கணக்குப் பாக்குறாங்க. நீ என்ன சொன்னே?" என்றாள். சொன்னேன். பன்னிரண்டு ஏக்கரில் ஆரம்பித்துக் கோழிக்கு அரிசி வரைக்கும் வந்ததும் மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அஞ்சு ஏக்கர் நஞ்சைக்கு மேல் போனால் உரிமைத்தொகை கிடையாது என்று அவள்தான் உள்ளேயிருந்தே சொன்னாள். அந்த ஆயிரத்தில்தான் பேரனுடைய பாலிடெக்னிக் பஸ் பாஸ் ஓடுகிறது. கெங்கம்மாள் பூஜை அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துக் கோழித் தண்ணீருக்கு வைத்துவிட்டாள்.

மறுநாளே பஸ் ஏறி விழுப்புரம் போனேன். காகிதத்தில் இருந்த விலாசம் ஒரு லாட்ஜ். மாடியில் ஹால் பிடித்து ஏழெட்டுப் பேர் பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்ஸானா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். மச்சான், அந்தப் பெண்ணிடம் நான் மறைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டதே பெரிசு.

"தாத்தா, அதுல உங்க பேரே இல்ல. உங்க வீடு ஒரு நம்பர், அவ்வளவுதான். யாரும் எதையும் நிறுத்த மாட்டாங்க."

"நம்பர் இருந்தா போதுமேம்மா. எங்களுக்கு எது நின்னாலும் நம்பராலதான் நின்னுது. ரேகை தேஞ்சி போச்சின்னு மூணு மாசம் அரிசி குடுக்கல."

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு, அவள் எழுதுவது அரசாங்கத்துக்கு இல்லை, எந்த வரி யார் தலையில் விழுகிறது, எந்த மானியம் யார் வீடு போய்ச் சேருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் படிப்பு என்றாள். நான் வரி கட்டாத ஆள்தானே, என்னிடம் எதற்கு வந்தாய் என்றேன். "யாரு சொன்னா? நீங்க வாங்குற சோப்புல வரி இருக்கு, பனியன்ல இருக்கு, பஸ்சுக்கு ஊத்துற டீசல்ல இருக்கு. இன்னிக்கு என்னைப் பாக்க வந்தீங்களே, அதுல கூட உங்க பங்கு கொஞ்சம் போயிருக்கு" என்றாள். எனக்குப் பகீர் என்றது. எழுபத்தொன்பது வயசாகிறது, சைக்கிள் வில்லையோடு என் வரி முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் நான் கொடுப்பது அதிகமா, வாங்குவது அதிகமா என்று கேட்டேன். "அதைக் கண்டுபிடிக்கத்தான் தாத்தா மூணு வருஷமா வெயில்ல சுத்திக்கினு இருக்கேன். ஒருத்தர் கூட்டிச் சொல்றாங்க, ஒருத்தர் குறைச்சிச் சொல்றாங்க" என்றாள். பாவம், அவள் பொட்டலத்தில் சோறு காய்ந்து போயிருந்தது.

சொன்னதைத் திருத்திக்கொள் தாயே என்றேன். அங்கேதான் இரண்டாவது சனி. "நானா மாத்தக் கூடாது தாத்தா. பத்து நாள் கழிச்சி வேற ரெண்டு பேர் வருவாங்க, சரிபாக்குறதுக்கு. நாங்க போன வீடுங்கள்ல அங்கங்க ஒண்ணு எடுப்பாங்க, உங்க வீட்டை எடுக்கச் சொல்றேன். அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள்.

வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒத்திகை பார்த்தேன். உள்ளதைச் சொல் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் பன்னிரண்டு ஏக்கர் என்று ஏறிப்போன கணக்கைக் கீழே இறக்க வேண்டும் என்றால், உள்ளதைவிடக் கொஞ்சம் கீழே இழுத்தால்தானே நடுவில் வந்து நிற்கும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை, நானே யோசித்தது.

சித்திரை பதினான்கு, திங்கட்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். ஒரு ஆளும் அவர் சம்சாரமும் பைக்கில் வந்து இறங்கினார்கள். "பெரியவரே, விதை மல்லாட்டை கிடைக்குமான்னு கேட்டுக்கினு வந்தோம்" என்றார்கள். வாசலில் பத்து மூட்டை காய் காய்கிறது. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வாங்க, சரிபார்க்கிற ஆள் வந்தாச்சு.

"இது எங்களுது இல்லீங்க. வாசல்ல காயவச்சிக்கிறோம்னு கேட்டாங்க, ஒரு படி குடுப்பாங்க" என்றேன். நிலம் இருக்குதா என்றார். இருந்தது, விற்றாயிற்று, மீதி முக்கால் ஏக்கர், அதிலும் அண்ணன் தம்பி வழக்கு என்றேன். நம்ம சிவலைப் பசு என்னைப் பார்த்துக் கத்தியது. அது பக்கத்து வீட்டுது, பழக்கத்தில் கத்துகிறது என்றேன். வீடு நல்லா இருக்கே என்றாள் அந்தம்மாள். அரசாங்கம் கட்டிக் கொடுத்தது, மேலே பூசினதுக்குத்தான் இன்னும் கடன் இருக்கிறது என்றேன். நகை ஏதாவது என்று இழுத்தாள். தானே புயல் வந்த வருஷம் பேங்கில் வைத்த செயின், பெஞ்சல் புயல் வந்தும் திரும்பவில்லை என்றேன். எனக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், கெங்கம்மாளுக்கு முட்டி, தமிழ்மணிக்கு முதுகு. காட்டுவதற்காக மாத்திரை டப்பாவைத் திறந்து பாயில் கொட்டினேன்.

"பொண்ணு ஒண்ணு இருக்குதாமே" என்றார் அந்த ஆள்.

"இருக்குது. வேலைன்னு போவுது. காண்ட்ராக்ட். சம்பளம் பஸ்சுக்கே சரியாப் போவுது. கல்யாணத்துக்கெல்லாம் எங்களுக்கு வழி ஏதுங்க."

அந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் அந்தம்மாளைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். நான் வாசல் வரைக்கும் போய், "எழுதிக்கலையே நீங்க, ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கும் பெரியவரே, நல்லா இருக்கும்" என்றார் அவர்.

அன்றைக்குச் சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் தமிழ்மணி போனில் அப்ஸானா. "தாத்தாகிட்ட சொல்லுங்க, எங்க ஆளுங்க நாளைக்குத்தான் வர்றாங்க." தமிழ்மணி அப்படியே சொன்னான். நான் கட்டிலில் உட்கார்ந்தவன்தான். அப்படியானால் இன்றைக்கு வந்தது யார் என்று கெங்கம்மாள் கேட்டாள். அந்தம்மாள் தாடையும் நீ அனுப்பிய போட்டோவில் இருக்கிற ஏகாம்பரம் தாடையும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தங்கச்சியும் தங்கச்சி புருஷனும்.

மறுநாள் நிஜமாகவே சரிபார்க்கிறவர்கள் வந்தார்கள். இவர்கள் யார், இவர்களிடம் ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல், முதலில் ஆதார் அட்டையைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதுவானாலும் என் மச்சான் திண்டிவனத்தில் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்று உன் போன் நம்பரைச் சொல்லிவிட்டேன். உனக்குச் சென்னையிலிருந்து யாராவது போன் செய்து வீட்டில் எத்தனை பிரிட்ஜ் என்று கேட்டால் பயப்படாதே, அதுதான்.

இன்றோடு எட்டு நாள். ஏகாம்பரம் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. தமிழ்மணி என்னைத் திட்டினாலாவது ஆறும். கழனிக்குப் போகிறான், வருகிறான். கலைப்பிரியா என்னிடம் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அந்தப் பையன் இரண்டு தரம் அவளிடம் போனில் பேசியிருக்கிறான், அவளும் நல்ல பையன் தாத்தா என்று ஒரு தரம் என்னிடம் சொன்னாள். அவள் அப்படி யாரையும் சொன்னது கிடையாது. இப்போது போனை மல்லாத்தி வைக்காமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இரண்டு வாய்க்கு ஒரு தரம் திருப்பிப் பார்க்கிறாள். மச்சான், என் வாயால் அந்தப் பிள்ளை வாழ்க்கை போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம் தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறவன், எட்டு நாளாகச் சொன்னதை எப்படியாவது மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஆகையால் நீ இந்தக் கடிதம் கண்டவுடன் ஏகாம்பரம் வீட்டுக்குப் போ. பெரியவர் ஆளை மாற்றி நினைத்துப் பேசிவிட்டார் என்று எடுத்துச் சொல். நம்ம நெஜக் கணக்கு இது. நிலம் இரண்டே முக்கால் ஏக்கர், வழக்கு எதுவும் இல்லை. மூன்று என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம், வரப்பையும் சேர்த்துத்தானே. போர் ஒன்று, தண்ணீர் இருக்கிறது. சிவலைப் பசு நம்முடையது. வாசலில் காய்ந்ததும் நம்முடைய காய். வீடு தமிழ்மணி கட்டியது, கடன் முடிய ஏழு தவணை. கலைப்பிரியா பெயரில் இதுவரை சேர்த்த நகை பதினாலு சவரன், கையில். வேலை காண்ட்ராக்ட்தான், அதில் நான் பொய் சொல்லவில்லை. சர்க்கரை எனக்கு மட்டும், அதுவும் மாத்திரையில் அடங்குவது. இதில் எதையும் நீ கூட்டாதே, குறைக்காதே. "இதை நீங்களே முதல்ல சொல்லியிருக்கலாமே ராஜாமணி" என்று அந்தோணிசாமி கேட்கிறார். அவருக்கு என்ன, நாலு பக்கம் பத்திரத்தில் எல்லை போட்டு எழுதினவர். ஆள் முன்னால் நின்று கேட்டால்தான் தெரியும்.

வேறொன்றும் இல்லை. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். கெங்கம்மாள் உன்னை வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். மேற்படி காரியம் நல்லபடி முடிந்தால் மயிலம் கோயிலில் உன் பேருக்கும் சேர்த்து மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, உன் அக்காள் புருஷன்,
ராஜாமணி (இடது கைப் பெருவிரல் ரேகை).

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தமிழ்மணிக்கு ஏகாம்பரமே போன் செய்தார். வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பேரோடு பெண் பார்க்க வருகிறார்களாம். தங்கச்சியும் அவள் புருஷனும் வந்து சொன்னதைக் கேட்டு அவருக்கு ஏக திருப்தியாம். "முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடா ஏறி வரி வசூல் பண்ணவன் நான். இல்லாதவன் கடன் வாங்கியாவது இருக்கிற மாதிரி காட்டுவான். இவ்வளவு சுத்தமா இல்லேன்னு சொல்றாருன்னா, உங்க அப்பா பெரிய பார்ட்டி தம்பி. பசுவையே தன்னுது இல்லேன்னாராமே" என்று சிரித்தாராம். எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் அந்தஸ்துக்கு ஒரு நாற்பது சவரன் போட்டால் பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்கும் என்றும் சொன்னாராம். கலைப்பிரியா சிரித்துக்கொண்டே சோறு போட்டுக்கொண்டாள், அவளிடம் நாங்கள் நாற்பதைச் சொல்லவில்லை. ஆகையால் மச்சான், மேலே எழுதினது எதையும் போய்ச் சொல்லிவிடாதே. பதினாலுதான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் அறுபது இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். நீ இன்றைக்கே போய் நம்மிடம் நிறைய இருக்கிறது என்று சொல். நிலம், நகை, மாடு எல்லாம் வாய் கொள்ளாமல் சொல். கேட்கக் கேட்க அவருக்கு நம்ம பேரில் இரக்கம் வர வேண்டும்.